சிவப்புப் பூசிய நாலு போல்ட்டுகள்

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது எங்கள் வேன் முன்பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அது எதுவுமே கெட்டுப்போகக் கூடாத காலம். சீசன் நேரத்தில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, யாரும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது, சாகக் கிடப்பவர்கள்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் நல்லது. வேனுக்கும் அதே சட்டம்தான்.

அந்த வேன்தான் அப்பாவுக்குத் தொழில். ஆனைக்குட்டத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து விஸ்வநத்தத்தைத் தாண்டியிருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் காலையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிப் போவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். பன்னிரண்டு பேரில் என் அம்மாவும் ஒருத்தி, எதிர்வீட்டு அத்தை இன்னொருத்தி. வீடு வீடாகப் போய் அந்தப் பெண்களைப் பேசிச் சேர்த்துவிட்டதும் அம்மாதான். அப்பாவின் வண்டியில் அவர்கள் ஏறியது, சரியாகச் சொன்னால், அம்மாவின் வார்த்தையை நம்பித்தான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் நான் ஒரே பிள்ளை.

பட்டறையில் கொண்டுபோய்க் காட்டியபோது, முன்சக்கரங்களைத் தாங்குகிற சாமான்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன, மாற்ற மூன்று நாள் ஆகும், விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னார்களாம். மூன்று நாள் வேன் நின்றால் நாலாவது நாள் ஏற ஆள் இருக்காது. வேறு வேன்கள் தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தன. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அந்தச் சத்தத்தோடேயே வண்டி ஓட்டினார். அப்போதுதான் மாமா, "எதுக்கு மச்சான் பட்டறை? சாமானை வாங்கிக் குடுங்க. ஞாயித்துக்கெளமை வீட்டு வாசல்லயே மாத்திருவோம்" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. மதுரையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இருந்தார். காரியாபட்டியில் சொந்தமாகப் பட்டறை போடப்போவதாக எல்லாரிடமும் சொல்லுவார். எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டால் குளிக்கப் போய்விடுவார். ஆனால் வேலை தெரிந்தவர். மதுரையிலிருந்து வரும்போது ஒரு நீளமான ரெஞ்சைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதன் கைப்பிடியில் திருகி வைத்துவிட்டால் போதும். அந்த அளவு வந்ததும் அது டிக் என்று சொல்லும். அதற்குமேல் ஒரு நூல்கூட இறுக்கக் கூடாது என்பார். கொஞ்சம் குறைந்தால் கழன்றுவிடும். கொஞ்சம் கூடினால் போல்ட்டின் மரை அறுந்துபோகும்.

சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் வேலை இருந்தது. அப்பா காலையில் பெண்களை இறக்கிவிட்டு ஏழரை மணிக்குத் திரும்பினார். மாமா வாசலிலேயே ஜாக்கி போட்டு வேனின் மூக்கைத் தூக்கி, கருங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தார். சக்கரங்கள் கழன்றதும் வேன் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் போல நகத்தைக் கடித்தார். பிறகு பார்க்கத் தாங்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முழுசாக இறுக்கிய போல்ட்டின் மேல், நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பையும் சேர்த்துக் குறுக்காக ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பின்னால் நட்டு கொஞ்சம் திரும்பினால்கூடக் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குக் கோடு போட பெயிண்ட் இல்லை.

"என்கிட்ட நெயில் பாலிஷ் இருக்கு மாமா" என்றேன்.

பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடையில் அழுது வாங்கியது. நல்ல ரத்தச் சிவப்பு. மாமா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப நீதான் இன்ஸ்பெக்டரு. நான் டிக்குன்னு இறுக்குவேன். சத்தத்தக் கேட்டுட்டு நீ கோடு போடணும். கேக்காமப் போடக் கூடாது. சரியா?" என்றார்.

என் வாழ்க்கையில் அதுவரை எனக்குக் கிடைத்த பதவிகளில் அதுதான் பெரியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை அழிக்கிற வேலையைக்கூட வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்தேன். டிக் என்று கேட்கும். பிரஷ்ஷை எடுத்து மூச்சுவிடாமல் ஒரு கோடு போடுவேன். மாமா பார்த்து, "அப்படித்தான்" என்பார். வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் ஐந்து. அதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

கடைசியாகக் கீழே படுக்கையாக இருந்த இரண்டு கை போன்ற இரும்புகளை மாட்டினார். லோயர் ஆர்ம் என்றார். ஒவ்வொன்றையும் வண்டியோடு சேர்க்கிற இடத்தில் ரப்பர் வைத்த இரண்டு மூட்டுகள். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு போல்ட்டு. அந்த நாலையும் மாமா விரலால் மட்டும் திருகிவிட்டு விட்டார். டிக் சத்தம் வரவில்லை. நான் பிரஷ்ஷோடு காத்திருந்தேன்.

"இதுக்கு இப்ப வேண்டாம் பாப்பா. வண்டி இப்ப தொங்கிக்கிட்டு இருக்குல்ல? இப்ப இறுக்குனா, கீழ எறக்குனதும் ரப்பரு முறுக்கிக்கிட்டு கிழிஞ்சிரும். சக்கரம் தரையில நின்னு, வண்டி பாரம் அது மேல ஒக்காந்த பெறகுதான் இதை இறுக்கணும். நெறைய பேரு இதுலதான் தப்பு விடுவாக" என்றார்.

பிறகு கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் சாப்பிட்டு முடித்து முதலில் வெளியே வந்தேன். எதிர்வீட்டு அத்தையின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனால் என் வகுப்பு, வேனுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என் பதவியைப் பற்றி விளக்கினேன். அவள் எல்லாக் கோடுகளையும் எண்ணினாள்.

"அந்த நாலுக்கு ஏன் போடல?"

"அது அப்புறம்."

"மறந்துட்ட. அதான் அப்புறம்ங்கிற" என்றாள். கரும்பலகை அழிக்கிறவள் அவள்தான்.

அந்த நிமிடத்தில் எனக்கு என்ன ஆனது என்று இத்தனை வருடம் கழித்தும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மாமா சொன்ன காரணம் முழுதாக ஞாபகம் இருந்தது. ஆனால் அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வார்த்தை வரவில்லை. நான் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன். நாலு போல்ட்டுக்கும் நாலு கோடு, மற்ற எல்லாவற்றையும்விட அழகாகப் போட்டேன். எப்படியும் மாமா இறுக்கத்தானே போகிறார், முன்னால் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா வந்தார். சக்கரங்களை மாட்டி, அடியில் படுத்து வேலை செய்ய வசதியாக அவற்றுக்குக் கீழே தட்டைக் கல் கொடுத்து, ஜாக்கியை இறக்கினார். வண்டி புஸ்ஸென்று உட்கார்ந்தது. சக்கரத்து நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி முடித்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது, இடி இறங்கினால் ஆபத்து, வேலையை நிறுத்திவிட்டோம், ஆட்களை உடனே கூட்டிப்போங்கள் என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் தொழிலுக்கும் மழை கெடுதல் என்றால், பட்டாசுக்கு மின்னல் எமன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"முடிஞ்சிருச்சா மாப்ள?"

"ஒரு நிமிசம் மச்சான்."

மாமா ரெஞ்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

"பாப்பா, இந்த நாலையும் நான் எப்ப இறுக்குனேன்?"

மாமா கோபமாகக் கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர், களைத்துப்போய்த் தன்னையே கேட்கிற மாதிரிதான் கேட்டார். அப்பா சாவியோடு நின்றுகொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்ஸ்பெக்டர் வேலை போய்விடும், அப்பா முதுகில் ஒன்று வைப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி இறுக்குனீக மாமா. டிக்குன்னு கேட்டுச்சு" என்றேன்.

அந்த டிக் என்ற சத்தத்தை நான் ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் அவரை நம்பவைத்தது. மாமா முகம் தெளிந்தது. "கிறுக்குப் பிடிச்சுப் போச்சு எனக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடியா? அப்ப தொங்கலிலேயே இறுக்கிட்டனா? சரி விடு. ரப்பருதான போகும், நாளைக்குத் தளத்தி இறுக்கிக்கலாம்" என்று எழுந்தார். பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்து நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று ரெஞ்சையும் பழைய சாமான் கிடந்த டப்பாவையும் வண்டியில் போட்டுக்கொண்டார். தனியாக இருக்க வேண்டாம், மின்னல் வெட்டுகிறது என்று அப்பா என்னையும் தூக்கி முன் சீட்டில் நடுவில் உட்காரவைத்தார்.

வேன் கிளம்பியது. சத்தமே இல்லை.

"மெட்ராஸ்ல ஓடுற கார் மாதிரி போகுதே மாப்ள!" என்று அப்பா சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். இனிமேல் எப்படிச் சொல்வது? முதல் கிலோமீட்டரில் சொல்வது எவ்வளவு கடினமாக இருந்ததோ, இரண்டாவதில் அது இரண்டு மடங்கானது. திருத்தங்கல் ரயில் கேட்டில் வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோது அடியில் ஒரு முறை டொக் என்றது. அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது.

"அப்பா..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

நான் பயந்தது வண்டி கவிழும் என்று அல்ல. வண்டி கவிழ்வதை நான் பார்த்ததில்லை, அதனால் அது என் கற்பனைக்கு வரவில்லை. நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அம்மா வேலைக்குப் போகும்போது ஊக்குகூடக் குத்திக்கொள்ள மாட்டாள். பட்டாசு மருந்து கலக்கிற அறையில் இரும்பு ஆணி ஒன்று சிமெண்டில் விழுந்து பொறி பறந்தால் போதும், அறை இருக்காது என்பாள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சேலையைத் தனியாக அலசிப் போட்ட பிறகுதான் என்னைத் தொடுவாள். அதுவரை நான் ஓடிவந்து கட்டிக்கொண்டால் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். என் கணக்கு இப்படி இருந்தது: போல்ட்டு கழன்று அந்த இரும்புக் கை ரோட்டில் விழும். ரோட்டில் உரசிப் பொறி பறக்கும். வண்டிக்குள் பன்னிரண்டு பேர், தலைமுடியிலும் சேலையிலும் மருந்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கம்பெனி வாசலில் மணல் வாளிகளும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. தூரத்து மரங்களுக்கு மேலே வானம் கன்னங்கரேலென்று இருந்தது. அம்மாவும் மற்றவர்களும் தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லார் கைகளும் மருந்துப் பொடி ஒட்டி முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மின்னின. நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அழகு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அந்த மருந்து வாசனை வண்டி முழுக்க நிறைந்தது. அம்மா எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"சத்தத்தைக் காணோமே, என் தம்பி கெட்டிக்காரன்தான்" என்று அவள் சொல்ல, பெண்கள் எல்லாரும் மாமாவைப் பாராட்டினார்கள். ஒரு பெரியம்மா காரியாபட்டிப் பட்டறைக்கு தானே குத்துவிளக்கு ஏற்றப்போவதாகச் சொன்னார். மாமா வெட்கப்பட்டார்.

சிவகாசியைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. பன்னிரண்டு பேர் பாரம் ஏறியதும் அடியில் சத்தம் திரும்ப வந்துவிட்டது. முதலில் பள்ளங்களில் மட்டும், பிறகு எல்லா இடத்திலும். டொக், டொக். பழைய சத்தத்தைவிடக் கனமாக இருந்தது. பேச்சு மெதுவாக நின்றது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எடது பக்கமா இழுக்குதே மாப்ள" என்றார்.

"புதுச் சாமான்ல, செட் ஆவும் மச்சான்" என்றார் மாமா. ஆனால் அவரும் தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எதிரே லாரி ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தது. வேன் ஒரு முழம் விலகி, திரும்ப வந்தது. நான் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு டொக்குக்கும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு எண்ணுவதற்குள் வீடு வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று வேண்டிக்கொண்டேன். நூறு முடிந்தது. இருநூறு என்று மாற்றினேன். எங்கள் ஊர் அணைக்கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஏம் புள்ள இப்படி வெறைச்சுப்போய் இருக்க? வயித்த வலிக்குதா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன்.

"அம்மா, அந்த நாலும் இறுக்கல. மாமா இறுக்கவே இல்ல. நான்தான் முன்னாலயே செவப்புப் பூசிட்டேன். கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன்."

நான் என்ன சொல்கிறேன் என்று மாமாவுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். அம்மாவுக்குப் புரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் அவள் என்ன, ஏது என்று கேட்கவில்லை.

"வண்டிய நிப்பாட்டுங்க."

"இன்னும் ரெண்டு மைலுதான இருக்கு, வீட்டுல போய்..." என்றார் அப்பா.

"நிப்பாட்டுங்கன்னு சொல்லுறேன்ல!"

"பிரேக்க மெதுவா மச்சான், மெதுவா" என்றார் மாமா. அப்பா வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு ஓரத்தில் நிறுத்தினார். அம்மாதான் முதலில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக இறங்கச் சொன்னாள். அவள் குரல் வீட்டுக் குரல் மாதிரியே இல்லை. யாரும் தள்ளவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, தூக்குச்சட்டியை எடுக்கக்கூட யாரும் நிற்கவில்லை. அரை நிமிடத்தில் வண்டி காலி. இப்படி இறங்குவதற்கு அவர்கள் எங்கோ பழகியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மாமா ஈர மண்ணில் வயிற்றால் ஊர்ந்து அடியில் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை மட்டும் வெளியே வந்து, ரெஞ்சைக் கேட்டது. வலது பக்கத்து இரண்டும் விரலால் சுற்றினாலே சுற்றியதாம். இடது பக்கம் ஒன்று பாதி கழன்றிருந்தது. நாலாவதுக்கு நட்டே இல்லை. எங்கோ ரோட்டில் விழுந்துவிட்டிருந்தது. போல்ட்டு இரண்டு விரல் அளவு வெளியே வந்து, நுனியில் தொத்திக்கொண்டு நின்றது. மாமா அடியிலிருந்தே இதைச் சொன்னார்.

அப்பா என்னிடம் வந்தார். கை ஓங்கினார். நான் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா நடுவில் நின்றிருந்தாள்.

"சொன்னதுக்கு அடிச்சீகன்னா அடுத்த வாட்டி எவளும் சொல்ல மாட்டா."

அப்பா கையை இறக்கினார். அம்மா திரும்பி என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். குளிக்காத கை. விரல்களின் வெள்ளி என் தாடையில் ஒட்டியது.

"இனிமே செய்யாதத செஞ்சேன்னு சொல்லுவியா?"

"மாட்டேம்மா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வண்டி அப்போது தன் காலில், தன் பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. மாமா மத்தியானம் சொன்னபடி, அந்த நாலையும் இறுக்க வேண்டிய நிலை அதுதான். மூன்று முறை டிக் என்றது. மூன்று முறையும் என் கை பிரஷ்ஷைத் தேடியது. நாலாவதுக்கு, டப்பாவில் கிடந்த பழைய நட்டுகளில் ஒன்றைத் தேடி மாட்டினார். மரை தேய்ந்த நட்டு. மாமா இழுத்தார். இன்னும் இழுத்தார். நாங்கள் எல்லாரும், அந்தப் பெண்கள் உட்பட, மழையில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. இதற்குமேல் இறுக்கினால் மரை அறுந்துவிடும் என்று நிறுத்திவிட்டார். வெளியே வந்தவரின் முகம் முழுக்கச் சேறு. யாரையும் பார்க்காமல், "மெதுவாப் போனா வீடு வரைக்கும் தாங்கும்" என்றார்.

"தாங்கும்னு தெரிஞ்சு சொல்லுறியா, தாங்கிரும்னு நம்பிச் சொல்லுறியா?" என்று பட்டறைக்கு விளக்கேற்றப்போவதாகச் சொன்ன பெரியம்மா கேட்டார். மாமா ரெஞ்சில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.

"நாங்க நடந்து வந்துருறோம். மழையும் விட்டுருச்சு" என்று இன்னொருத்தி சொன்னாள். மழை விடவில்லை. ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா அணைக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வண்டி காலியாக வீட்டுக்குப் போகப்போகிறது, இனிமேல் எப்போதும் காலியாகத்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா தூக்குச்சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வண்டியிலதான் வாரேன். காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வந்துருங்க. விடியுறதுக்குள்ள தம்பி புது நட்டு போட்டு வச்சிருவான்" என்றாள். சாதாரணமாக, பஸ்ஸில் இடம் கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நானும் ஓடிப்போய் ஏறினேன். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீ எறங்கு. அவகளோட நடந்து வா."

"அம்மா..."

"எறங்குன்னேன்ல!"

கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவதைவிட அதெல்லாம் மேல். மாமாவையும் ஏற்றவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்தில், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். அப்பா வண்டியை எடுத்தார். அது நகரத் தொடங்கிய நொடியில் எதிர்வீட்டு அத்தை என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். மழை நனைக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். நான் திமிறினேன். விடவே இல்லை. வண்டியின் சத்தம் கொஞ்ச தூரம் போன பிறகுதான் விட்டார்.

ஆள் நடக்கிற வேகத்தில் வேன் முன்னால் போனது. பதினொரு பெண்களும் நானும் பின்னால் நடந்தோம். பள்ளம் வரும் இடங்களில் மட்டும் எல்லாரும் நின்று, வேன் ஏறி இறங்கியதும் மறுபடி நடந்தார்கள். அம்மாவின் தலை பின்கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. ஒரு முறையாவது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டே போனேன். அவள் பார்க்கவில்லை.

வேன் வீடு போய்ச் சேர்ந்தது. காலையில் ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மாமா மட்டும் அதன்பிறகு யார் கோடு போட்டாலும் ரெஞ்சை வைத்து ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார்.

அன்றைக்கு நடந்துகொண்டே எதிர்வீட்டு அத்தையிடம் விம்மி விம்மிச் சொன்னேன்: "அம்மாவுக்கு என்னய பிடிக்கல அத்தை. அதான் எறக்கி விட்டுட்டா."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, முன்னால் போகும் வேனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "பேசாம நட புள்ள. வண்டியப் பாத்துக்கிட்டே நட" என்றார். அவரும் அம்மா பக்கம்தான் பேசுகிறார் என்று நான் கையை உதறிவிட்டு, சாலையின் அடுத்த ஓரத்துக்குப் போய் தனியாக நடந்தேன். வீடு வரும்வரை அம்மாமேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை.